காலடியில் நாய், கைப்பிடியில் கயிறு! பேட்டரி ஸ்கூட்டரில் இது என்ன விளையாட்டு?

(நமது நிருபர்)

சாயந்திரம் 6 மணிக்கு முத்தாபுதுப்பேட்டை ரோட்டில் நின்று பாருங்கள். விமானப்படை நிலையத்தில் வேலை முடிந்து வருகிறவர்கள் ஒரு பக்கம். ஆவடியில் ரெயிலை விட்டு இறங்கி வீடு திரும்புகிறவர்கள் ஒரு பக்கம். டியூஷன் பிள்ளைகள் ஒரு பக்கம். அதற்கு நடுவே ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வரும். சத்தமே இருக்காது. ஓட்டுகிறவர் இரண்டு காலையும் அகட்டி வைத்திருப்பார். நடுவே, கால் வைக்கிற பலகையில், ராஜா மாதிரி ஒரு நாய் நிற்கும்.

பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். குழந்தைகள் கை காட்டும். யாராவது ஒருவர் செல்போனை எடுத்துப் படம் பிடிப்பார். 2020-ல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பைக்கில் பின்னால் உட்கார்ந்து போன ஒரு நாயின் படம் நாடு முழுக்கச் சுற்றி வந்தது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நானும் விழுந்து விழுந்து சிரித்தவன்தான்.

இப்போது சிரிப்பு வருவதில்லை. ஏன் என்று சொல்கிறேன். ஊராருக்குப் புத்தி சொல்லும் முன்னால் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுவதுதான் முறை.

இளநீர் வண்டி மீது மோதல்

எங்கள் வீட்டு நாயின் பெயர் கருப்பன். நாட்டு நாய். எடை 18 கிலோ. வருஷா வருஷம் போடுகிற வெறிநாய் தடுப்பூசிக்கு நாள் வந்துவிட்டது. அக்காவின் பேட்டரி ஸ்கூட்டரை எடுத்தேன். கருப்பனைக் காலடியில் ஏற்றி நிறுத்தினேன். வழியில் குதித்துவிடக் கூடாதே என்று அதன் கழுத்துக் கயிற்றை ஹேண்டில்பாரில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக நினைப்பு!

முதல் ஒரு கிலோமீட்டர் ஜோராகப் போயிற்று. ஒரு தெரு முனையில் நாலு தெரு நாய்கள் படுத்திருந்தன. சும்மா போகிற ஸ்கூட்டரையே அவை துரத்தும். அதில் இன்னொரு நாய், அதுவும் வேற்றுத் தெரு நாய், நின்றுகொண்டு போனால் விடுமா? நாலும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. கருப்பன் வீட்டில் ரொம்ப சாது. அன்றைக்கு அதற்கு வீரம் வந்துவிட்டது. பதிலுக்குக் குரைத்துக்கொண்டு வலது பக்கம் தாவியது.

கயிறு ஹேண்டிலோடு கட்டியிருக்கிறதே! 18 கிலோ இழுத்த இழுப்பில் ஹேண்டில் திரும்பிவிட்டது. அதைப் பிடித்து நிறுத்தப் போன என் வலது கை ஆக்சிலேட்டரையும் சேர்த்துத் திருகிவிட்டது. பெட்ரோல் வண்டியாக இருந்தால் ஒரு முறை உறுமிவிட்டுத்தான் நகரும். இது பேட்டரி வண்டி. திருகின மறு விநாடி அம்பு மாதிரி பாய்ந்தது. ரோட்டோரத்தில் நின்ற இளநீர் வண்டி மீது போய் மோதினேன்.

முட்டியில் தோல் போனது. கருப்பன் கழுத்துக் கயிறு இறுக்கித் தொங்கி, நாக்கைத் தள்ளிக்கொண்டு துடித்தது. இளநீர்க்காரர்தான் கத்தியால் கயிற்றை அறுத்து விட்டார். அவர் மட்டும் இல்லாவிட்டால் கருப்பன் கதை அங்கேயே முடிந்திருக்கும். உருண்டு நசுங்கின காய்களுக்குப் பணம் கொடுத்தேன். அது பெரிதில்லை. அந்த வண்டிக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, ஒரு பாட்டியம்மா பேரனைக் கையில் பிடித்தபடி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு முழம்! அந்தக் குழந்தை என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

அந்த வழியாக வந்த ஒரு ஏட்டு வண்டியை நிறுத்தினார். எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன். "என்ன தம்பி, நாய்க்கு டிரைவிங் சொல்லித் தர்றியா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அபராதம் இல்லை. எச்சரிக்கை கூட இல்லை.

என்னை விட்டது தப்பு. அன்றைக்கே கையில் ரசீதைத் திணித்திருக்க வேண்டும். எழுதுவதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று பிற்பாடு தேடினேன். தாராளமாக இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

"நாயை வண்டியில் ஏற்றக் கூடாது என்று எந்தச் சட்டத்திலே இருக்கு?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். அப்படி நாய் என்று பெயர் போட்டு எழுதவில்லை என்பது நிஜம். ஆனால் 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தில் 125-வது பிரிவு இருக்கிறது. வண்டியைக் கட்டுப்படுத்தி ஓட்டுவதற்கு இடைஞ்சலாக எந்த ஆளையும் நிற்கவோ உட்காரவோ விடக் கூடாது. எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். காலடியில் தாவிக்கொண்டு நிற்கும் நாயை விடவா பெரிய இடைஞ்சல் வேண்டும்? தனியாகத் தண்டனை சொல்லாத குற்றங்களுக்கு 177-வது பிரிவு. முதல் தடவை ரூ.500 வரை அபராதம். மறுபடியும் செய்தால் ரூ.1,500 வரை.

ஓட்டுகிற விதம் மற்றவர் உயிருக்கு ஆபத்து என்று போலீசார் கருதினால் 184-வது பிரிவு பாயும். அதில் ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், ஆறு மாதத்துக்குக் குறையாத ஜெயில் என்றெல்லாம் இருக்கிறது. ஒரு கையில் நாயை அணைத்து, மறு கையால் மட்டும் ஓட்டுகிற ஆசாமிகளை ஆவடி மார்க்கெட் பக்கம் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இது பொருந்தாது என்று யார் சொல்ல முடியும்?

நாயின் பக்கமும் ஒரு சட்டம் உண்டு. 1960-ம் வருஷ மிருகவதைத் தடைச் சட்டம், 11-வது பிரிவு. எந்த வாகனத்திலும் பிராணிக்கு வீணான வேதனை தரும் விதத்தில் அதைக் கொண்டு போவது குற்றம். கழுத்துக் கயிற்றை ஹேண்டிலில் கட்டின நான் அதற்கும் குற்றவாளிதான். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய்! 1960-ல் போட்ட தொகை. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அப்படியே கிடக்கிறது. நான் உடைத்த இளநீரில் ஒன்றுக்குக் கூட அந்தப் பணம் காணாது.

"லைசென்ஸே வேணாம் சார்!"

பேட்டரி ஸ்கூட்டர் விற்கிற சில கடைகளில் இப்படி ஒரு பேச்சு. இதில் பாதி உண்மை. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்கும் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் கீழே, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மேற்படாமல் இருந்து, முறைப்படி பரிசோதனை செய்து சான்று வாங்கின வண்டி என்றால் அது சட்டப்படி மோட்டார் வாகனமே அல்ல. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் வேண்டாம்.

அதற்கு மேல் போனால் எல்லாம் வேண்டும். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் நம்பர் போட்டு ஓடுகிறதே, அந்த வண்டிக்கு லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ், ஹெல்மெட் எதிலும் சலுகை கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் ரூ.5,000. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் முதல் தடவை ரூ.2,000. ஹெல்மெட் இல்லாவிட்டால் ரூ.1,000.

இதிலே ஒரு தில்லுமுல்லு நடக்கிறது. 25 கிலோமீட்டர் வண்டியை வாங்கி, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, வேகப் பூட்டைக் கழற்றி 45, 50 என்று ஓட விடுகிறார்கள். பூட்டைக் கழற்றின நிமிஷமே அது மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. பதிவு இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம்! நாளைக்கு எவர் மீதாவது மோதினால் நஷ்டஈடு முழுவதும் வீட்டை விற்றாவது கட்ட வேண்டியதுதான்.

பிள்ளைகள் கையில் கொடுக்கிற பெற்றோரும் கவனிக்க வேண்டும். 18 வயசு ஆகாத பையன் பச்சை நம்பர் வண்டியில் நாய்க்குட்டியை வைத்துக்கொண்டு ஊர் சுற்றி விபத்து செய்தால், அப்பா அல்லது வண்டிச் சொந்தக்காரர் மீது 199ஏ பிரிவில் வழக்கு. ரூ.25,000 அபராதம், மூன்று வருஷம் வரை ஜெயில். வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து.

இன்னொன்று. ஆவடி தாண்டி அம்பத்தூருக்குள் நுழைந்தால் அது சென்னை மாநகராட்சி எல்லை. அங்கே வண்டிக்கு இருப்பது போல நாய்க்கும் லைசென்ஸ் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் வளர்த்தால் ரூ.5,000 அபராதம் என்று 2025-ல் மாநகராட்சி அறிவித்தது. வண்டிப் பேப்பரோடு நாய்ப் பேப்பரையும் வைத்துக்கொள்வது நல்லது.

பூனை மாதிரி வரும் வண்டி

பெட்ரோல் ஸ்கூட்டரில் நாயை நிறுத்திப் போனவர்கள் அந்தக் காலத்திலும் உண்டு. பேட்டரி வண்டியில் ஏன் கூடுதல் பயம்? ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலாவது, நான் முன்பே சொன்ன பாய்ச்சல். பெட்ரோல் என்ஜினுக்கு வேகம் எடுக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும். மின்சார மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழுப் பலத்தோடு இழுக்கும். அடுத்தது இதற்கு நேர் எதிர். பல வண்டிகளில் ஆக்சிலேட்டரை விட்டதுமே மோட்டார் பின்னுக்குப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். அந்தச் சக்தி பேட்டரிக்குத் திரும்பும். நமக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில் இருக்கிறது. நாய்க்கு என்ன இருக்கிறது? வழுவழுப்பான பலகையில் நாலு கால். முன்னால் சறுக்கும், பின்னால் சறுக்கும், பயந்துபோய் நம் மடியில் ஏறும்.

வண்டி 'ஆன்' ஆகியிருப்பது காதுக்குத் தெரியாது என்பது எல்லாவற்றையும் விட மோசம். கடை வாசலில் நிறுத்தி, சாவியைத் திருப்பாமல், "ஒரு நிமிஷம்" என்று பால் பாக்கெட் வாங்கப் போவோம். நாய் ஏறி ஹேண்டிலில் காலை வைக்கும். அல்லது பக்கத்து வீட்டுக் குழந்தை, நாயைத் தடவ வந்து ஆக்சிலேட்டரைத் திருகும். ஆள் இல்லாமலே வண்டி கிளம்பும். சைடு ஸ்டாண்டு போட்டால் மோட்டார் ஓடாதபடி செய்யும் வசதி நிறைய வண்டிகளில் இருக்கிறது. அந்த ஸ்டாண்டைப் போட வேண்டுமே! நாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இறங்கினால் அணைத்து, ஸ்டாண்டு போட்டு, சாவியைக் கையில் எடுங்கள்.

ரோட்டில் படுத்திருக்கும் நாய்க்கும் மாட்டுக்கும் கூட இந்த வண்டி வருவது தெரிவதில்லை. பெட்ரோல் வண்டி என்றால் தூரத்திலேயே காதை நிமிர்த்தி எழுந்துவிடும். பேட்டரி வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் திடுக்கிட்டு எழும். எந்தப் பக்கம் ஓடும் என்று அதற்கே தெரியாது. ஐரோப்பாவில் புது மின்சாரக் கார்களில் மெதுவாகப் போகும்போது செயற்கையாகச் சத்தம் எழுப்பும் கருவி வைத்தே ஆக வேண்டும் என்று 2019-லிருந்து விதி கொண்டு வந்தார்கள். அங்கும் ஸ்கூட்டருக்கு அது இல்லை. நமக்கு ஹாரன்தான் கதி. மிட்டனமல்லி, பாலவேடு பக்கம் இருட்டின பிறகு போகிறவர்கள் வளைவில் ஒரு தடவை அடித்துவிட்டுத் திரும்புங்கள்.

வெயிலையும் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் நிறுத்தி வைத்த வண்டியின் பலகையில் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். செருப்பு போட்ட நமக்குத் தெரியாது. நாய் வெறுங்காலோடு நிற்கிறது.

வேறு வழி என்ன இருக்கிறது?

இதையெல்லாம் எழுதிவிட்டு "ஏற்றாதே" என்று முடித்துவிடலாம். அது நியாயமாகாது. முத்தாபுதுப்பேட்டைக்காரர் வேறு எப்படித்தான் நாயைக் கொண்டு போவார்?

பெரிய ஆஸ்பத்திரி என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. 1903-ல் தொடங்கிய கல்லூரி. கை ராசியான இடம் என்று இன்றைக்கும் ஜனங்கள் அங்கேதான் போகிறார்கள். இங்கிருந்து போய் வர அரை நாள். பஸ்சில் நாயோடு ஏறினால் கண்டக்டர் விசில் அடித்து இறக்கிவிடுகிறார். மின்சார ரெயிலில் காலை நேரத்தில் மனுஷனுக்கே நிற்க இடமில்லை. ஆட்டோக்காரர்களில் நாலு பேரைக் கேட்டால் மூன்று பேர் தலையை ஆட்டுகிறார்கள். "சீட்டைக் கடிச்சுடும்", "அடுத்த சவாரி ஏறாது" என்று காரணம். அவர்கள் பிழைப்பும் பிழைப்புதானே. கடைசியில் வீட்டில் நிற்கிற ஸ்கூட்டர்தான் மிச்சம்.

1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை மருத்துவ வண்டி வரும் திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆடு, மாடு வைத்திருக்கும் கிராமத்தாருக்கு அது பெரிய உதவி. எங்கள் பக்கம் பாதி கிராமம், பாதி நகரம். வாரத்தில் ஒரு நாள், ஒரு குறிப்பிட்ட இடத்தில், நாய், பூனைக்கு ஊசி போட ஒரு வண்டி வந்து நின்றால் எத்தனை ஸ்கூட்டர் பயணம் மிச்சமாகும்! வெறிநாய்க்கடி பயமும் குறையும். அதிகாரிகள் இதை யோசிக்கலாம். செலவு பெரிதல்ல.

அதுவரை? பூனை, சின்ன நாய்க்குட்டி என்றால் காற்றோட்டமுள்ள மூடிக் கூடையில் வைத்து, பின்னால் உட்கார்ந்த ஒருவர் மடியில் பிடித்துக்கொள்ளட்டும். இருவர் தலையிலும் ஹெல்மெட் இருக்கட்டும். ஓட்டுகிறவர் கையும் காலும் சும்மா இருக்க வேண்டும். கயிறு, கூடை, பிராணி எதுவும் தொடக்கூடாது. இங்கிலாந்தில் சாலை விதிப் புத்தகத்தின் 57-வது விதியும் இதைத்தான் சொல்கிறது: வண்டியில் வரும் பிராணி ஓட்டுகிறவரின் கவனத்தைக் கலைக்காதபடி கட்டுக்குள் இருக்க வேண்டும். கார்க்காரர்களுக்கே அப்படி என்றால் இரண்டு சக்கரத்தில் போகிற நமக்கு?

கருப்பன் மாதிரி 15 கிலோ, 20 கிலோ நாய் ஸ்கூட்டருக்கு ஆகாது. எத்தனை சாதுவானாலும் ஆகாது. எத்தனை நாள் பழக்கினாலும் ஆகாது. "எங்க நாய் ரெண்டு வருஷமா வருது, ஒண்ணும் ஆகல" என்பவர்களிடம் சொல்கிறேன்: அந்த நாலு தெரு நாயை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

ராத்திரி சார்ஜ் போடுகிறவர்கள் கவனிக்க

ஓடாத நேரத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. எங்கள் தெருவிலே நிறைய வீடுகளில் வாசல் தாழ்வாரத்தில் ஸ்கூட்டருக்கு ராத்திரி சார்ஜ் போடுகிறார்கள். அதே தாழ்வாரத்தில்தான் நாயைச் சங்கிலி போட்டுக் கட்டுகிறார்கள். திருடன் வண்டியைத் தொட்டால் குரைக்கட்டும் என்று கணக்கு.

2022 மார்ச்சில் வேலூரில் நடந்ததை மறந்துவிட்டோமா? ராத்திரி சார்ஜ் போட்டிருந்த பேட்டரி ஸ்கூட்டர் தீப்பிடித்து, வீட்டுக்குள் இருந்த தகப்பனும் மகளும் புகையில் மூச்சுத் திணறிச் செத்துப் போனார்கள். அதே மாதக் கடைசியில் நம் பக்கத்திலேயே, மஞ்சம்பாக்கத்தில், ஒரு பேட்டரி ஸ்கூட்டர் ரோட்டோரம் புகைந்து எரிந்தது. அதற்குப் பிறகு மத்திய சர்க்கார் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் முடிவிலும் இரண்டு கட்டமாக அவை அமலுக்கு வந்தன. புது வண்டிகளில் ஆபத்து குறைந்திருக்கிறது. அதற்கு முந்தின வண்டிகள் இன்னும் நம் வாசலில் நிற்கின்றனவே!

மனுஷன் கதவைத் திறந்து ஓடலாம். சங்கிலியில் கட்டின நாய் எங்கே ஓடும்? சார்ஜ் போடும் இடம் வேறு, நாய் கட்டும் இடம் வேறு என்று வையுங்கள். படுக்கிற நேரத்தில் போடாமல் கண் முன்னால் இருக்கும்போது போடுங்கள். கடையில் கொடுத்த சார்ஜர் தவிர வேறு எதையும் செருகாதீர்கள். ஒயரைக் கடித்து விளையாடும் குட்டி இருக்கிற வீட்டில் சார்ஜர் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

போலீசாருக்கும் ஒரு வார்த்தை. ஹெல்மெட் இல்லாதவரை மடக்குகிறீர்கள். மூன்று பேர் போனால் மடக்குகிறீர்கள். காலடியில் நாயோடு வருகிறவரைப் பார்த்தால் மட்டும் சிரிப்பு வந்துவிடுகிறது. முதல் தடவை நிறுத்தி, 125-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லுங்கள். அடுத்த தடவை எழுதுங்கள். என் பெயரையே முதலில் எழுதினாலும் ஆட்சேபணை இல்லை.

கருப்பனுக்குக் கழுத்தில் காயம் ஆறிவிட்டது. ஆனால் அந்த ஊசி இன்னும் போடவில்லை. போன வாரம் ஒரு ஆட்டோக்காரரிடம் பேசி முடித்தேன். வழக்கமான கட்டணம், அதோடு கருப்பனுக்குத் தனியாக 50 ரூபாய். "சீட்டுல சாக்கு நீங்கதான் விரிக்கணும் தம்பி, போற வழியிலே அதைத் தட்டிக் குடுத்துக்கிட்டே வாங்க" என்றார். வியாழக்கிழமை காலை 7 மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தால் ஊசி. வராவிட்டால் நடந்தே போகிறோம், நானும் கருப்பனும்.